அன்றாடச் சுகங்களை ஆற அமர அனுபவிப்பது எப்படி? செட்டிநாட்டு வீட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தவழ்ந்து வளர்ந்தவருக்கு அந்தத் தரையின் குளிர்ச்சி நினைவுக்கு வருவதே இல்லை. செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானுக்கு விடுமுறையைக் கழிக்க வரும் வெளியூர்க்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் அடி வைத்ததுமே வியந்துபோகிறார்; அந்த வீட்டுக்காரரோ கைப்பேசியைப் பார்த்தபடியே அதே தரையில் நாள் முழுவதும் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். வெளியூர்க்காரருக்கு ரசனை மிகுதி என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. மாறாமல் தொடர்ந்து கிடைக்கும் எந்த உணர்வையும் உடல் சிறிது நேரத்தில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும், மனமும் அப்படித்தான். அவ்வாறு கவனத்திலிருந்து நழுவிப்போன சுகங்களை மீட்டெடுப்பதற்கான முறைகளை, செட்டிநாட்டு வீடும் அடுப்படியும் தருகின்ற பொருள்களைக் கொண்டே இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். வளவு என்னும் தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தோடு பெரிய வீடு உள்ளவர்களுக்கு மட்டுமான வழிகாட்டி இது அன்று. காரைக்குடியில் இரண்டு அறை வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கும், ஊரை விட்டுச் சென்னைக்குப் போய், ஊரின் அடையாளமாக ஒரு டப்பாவில் சோம்பும் கல்பாசியும் மட்டும் வைத்திருப்பவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்கும் முன்

ஐம்புலன்களையும் ஒரே நேரத்தில் தீட்டிக்கொள்ள முயல்பவர் எதையும் உருப்படியாக உணர்வதில்லை. ஆகவே ஒரு நேரத்துக்கு ஒரு புலன் என்று வைத்துக்கொள்ள வேண்டும். எதிலிருந்து தொடங்குவது என்பதற்குத் தொல்காப்பியத்தின் மரபியலிலேயே ஒரு வரிசை இருக்கிறது. ஓரறிவு உயிருக்குத் தொடுவுணர்வு, ஈரறிவு உயிருக்கு அதனோடு நாக்கு, அடுத்து மூக்கு, அதற்கடுத்துக் கண், பிறகு செவி, ஆறாவதாக மனம் என்று அது உயிர்களை வகைப்படுத்துகிறது. நம் பயிற்சிக்காகச் சொல்லப்பட்ட வரிசை அன்று என்றாலும், இதைவிடப் பொருத்தமான வரிசை கிடைப்பது அரிது, ஏனெனில் கண் இதில் நான்காம் இடத்துக்குப் போய்விடுகிறது. இன்றைக்குப் பார்வை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. பணியாரத் தட்டைக்கூடப் படம் எடுத்து முடித்த பிறகுதான் தொடுகிறோம்.

மற்ற ஏற்பாடுகள் எளியவை. கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். ஒலியை அடைத்து மடியில் வைத்துக்கொள்வது போதாது. புதிதாக எதையும் வாங்காமல், நாள்தோறும் எப்படியும் செய்கிற ஒரு காரியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் எதையும் நீட்டிக்க வேண்டாம், அலுப்புத் தட்டுவதற்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது.

முதல் படி: பாதமும் விரலும்

காலையில் எழுந்ததும் வெறுங்காலுடன் வளவில் ஒரு தூணருகே நின்று, ஒரு கையைத் தேக்குத் தூணின் மேல் வையுங்கள். பாதத்துக்குத் தரை சில்லென்று இருக்கும். கைக்குத் தூண் அவ்வளவு குளிராது. இரவு முழுவதும் ஒரே காற்றில் இருந்த கல்லும் மரமும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. கல் உடலின் சூட்டை விரைவாக வாங்கிக்கொள்கிறது, மரம் மெதுவாக வாங்குகிறது. சூடு நம்மை விட்டு வெளியேறும் வேகத்தைத்தான் நாம் குளிர்ச்சி என்று உணர்கிறோம். அசையாமல் சற்று நேரம் நின்றால், காலடியில் உள்ள கல்லும் சூடேறித் தோலும் பழகிப்போய், குளிர்ச்சி மங்கிவிடும். அப்போது பக்கத்துக் கல்லுக்கு ஓர் அடி மாறி நில்லுங்கள். குளிர்ச்சி முழுமையாகத் திரும்பி வரும். இன்பம் குறைந்துவிட்டது என்று தோன்றும்போது அளவைக் கூட்டாமல், சற்று விலகிவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காலுக்குச் சொல்லித்தர முடியாது. அடுத்து வரும் படிகளிலும் இதே உத்தியைத்தான் வெவ்வேறு வகையில் பயன்படுத்தப் போகிறோம்.

அந்தக் கல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் தொடுகை இன்னும் கூர்மையாகும். ஆத்தங்குடிப் பட்டறைகளில் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை அச்சை இறக்கி, வண்ணச் சிமென்டுக் கலவையைக் கையாலேயே கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியின் மேல் கவிழ்ந்து கிடந்த பக்கம்தான் நாம் நடக்கும் பக்கம். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது, மெருகு கால்கள் கொடுத்தது. நடை அதிகமுள்ள வாசலோரத்துக் கல்லையும், யாரும் மிதிக்காத மூலைக் கல்லையும் அடுத்தடுத்து உள்ளங்காலால் தடவிப் பாருங்கள்.

சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய சுவர் இருக்கும் வீடானால், அதை முதலில் விரல் நுனியாலும் பிறகு புறங்கையாலும் தொடுங்கள். விரல் நுனி வழவழப்பையும் கீறலையும் படிக்கும், புறங்கை குளிர்ச்சியை வாங்கும். மொசைக் தரையும் பெயின்ட் அடித்த சுவரும் மட்டுமே உள்ள வீட்டில் சேலையை எடுத்துக்கொள்ளலாம். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தத் துணியின் அருமை, துவைத்துத் துவைத்து அதைப் பழசாக்கியவருக்குத்தான் தெரியும். புதுச் சேலையின் முந்தானையையும் அப்பத்தாவின் பழைய சேலையையும் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்துப் பார்த்தால் போதும்.

இரண்டாம் படி: நாக்கு

இந்தப் படிக்கு வெள்ளைப் பணியாரத்தைப் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் அது ஆறினால் வீணாகிவிடும் பலகாரம். ஆகவே அதன் முன் உட்கார்ந்தவர் அதைத் தவிர வேறெதையும் கவனிக்கக் கூடாது. ஓர் ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதன் மேலேயே நிற்கும் அளவுக்கு உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அளப்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. இரண்டு மணி நேரம் ஊறிய பிறகு வெண்ணெய்போல் ஆட்டி, உப்புச் சேர்த்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி மாவை ஒரே இடத்தில் ஊற்ற வேண்டும். அது தானாக உப்பி மேலே வரும். திருப்பிப் போட்டு, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். சிவந்துவிட்டால் அது வெள்ளைப் பணியாரம் ஆகாது.

தட்டில் விழுந்ததும் உடனே சட்னியில் தோய்க்காதீர்கள். முதலில் ஓரத்தை மட்டும் கிள்ளி எடுங்கள். அங்கேதான் மாவு மெல்லியதாகப் பரவி மொறுமொறுப்பாக இருக்கும். அதை எதுவும் தொட்டுக்கொள்ளாமல் மென்று, உப்பும் எண்ணெயும் உளுந்தும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது வாய் நடுப்பகுதியிலிருந்து, பஞ்சுபோன்ற உள்பக்கத்தோடு. மூன்றாவது வாய்க்கு மட்டும் வரமிளகாய்ச் சட்னி. ஒவ்வொரு வாய்க்கும் இடையில் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிடுவது முக்கியம், ஏனெனில் கை அடுத்த வாய்க்குத் தயாராகிக்கொண்டிருந்தால் நாக்கு இந்த வாயை மறந்துவிடுகிறது. இந்த மூன்று வாய்களுக்குப் பிறகு வழக்கம்போல் பேசிக்கொண்டே சாப்பிடலாம். முழுத் தட்டையும் தவம்போல் உண்ண முயல்பவர்கள் மறுநாளே பயிற்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

முதல் சில வாய்களிலேயே ருசி உச்சத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே சுவையை உண்ண உண்ண அந்தச் சுவையின் மீதான விருப்பம் மட்டும் குறைகிறது, மற்றவற்றின் மீதான விருப்பம் அப்படியே இருக்கிறது. வயிறு நிறைந்த பிறகும் கவுனி அரிசி இனிப்புக்கு மட்டும் இடம் இருப்பது இதனால்தான். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டுக் கல்யாண இலையில் பலவற்றையும் சிறிது சிறிதாக வைப்பதில் உள்ள நுட்பம் இதுவே. அந்த அளவுகளை மீறி, பிடித்த ஒன்றையே மூன்று முறை கேட்டு வாங்குபவர் தன் இன்பத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். வீட்டில் இதைச் செய்ய ஒரு கூட்டும் ஒரு துவையலும் போதும், மாற்றி மாற்றித் தொட்டுக்கொள்ளலாம்.

கவுனி அரிசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்புத் தோல் நீங்காத அந்த அரிசியை இரவே ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்தாலும், அது மென்றே தீர வேண்டிய பண்டமாகத்தான் இருக்கும். அவசரப்படுபவரையும் அது மெதுவாக்கிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்குள் இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டு, அதற்கே நேரம் கொடுத்துச் சாப்பிடலாம்.

காரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. மாநிலம் முழுவதும் 'செட்டிநாடு' என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைகள் நாக்கைச் சுடுவதையே இந்த ஊரின் சமையலாக்கிவிட்டன. வீட்டுச் சமையலில் மிளகும் சோம்பும் சீரகமும் முன்னே நிற்க, மிளகாய் பின்னே நிற்கும். காரம் உண்மையில் சுவையே அன்று. மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு ஏற்பிகளைத் தூண்டுவதால்தான் எரிச்சல் தோன்றுகிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காகவே டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே எரிச்சல் மிஞ்சினால் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்காமல் ஒரு வாய் தயிர்ச்சோறு சாப்பிடுங்கள்.

மூன்றாம் படி: மூக்கு

சிறு துண்டுக் கருப்பட்டியை எடுத்துக்கொண்டு, மூக்கை இரண்டு விரல்களால் இறுகப் பிடித்தபடி வாயில் போட்டுக்கொள்ளுங்கள். இனிப்பு மட்டும் தெரியும்; அது கருப்பட்டியா வெல்லமா சர்க்கரையா என்று சொல்வதே கடினம். சற்றுக் கரைந்ததும் விரல்களை விட்டுவிடுங்கள். காய்ச்சிய பதநீரின் வாசமும் லேசான புகையும் ஒரே நொடியில் வாய் முழுவதும் பரவும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி, தொண்டைக்குப் பின்புறமாக மூக்கை எட்டும் மணமே. உளுந்து மாவில் கிளறும் இனிப்பான கும்மாயத்துக்குக் கருப்பட்டிதான் வேண்டும், சர்க்கரை கூடாது என்று ஆயா பிடிவாதம் பிடிப்பதன் காரணம் குழந்தைகளுக்கும் இதனால் விளங்கிவிடும்.

அடுத்தது அஞ்சறைப் பெட்டி. கல்பாசி பாறையிலும் மரப்பட்டையிலும் வளரும், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் ஓர் உயிர். கையில் எடுத்து முகர்ந்தால் காய்ந்த சருகின் வாசனைதான் வரும். அதைச் சூடான எண்ணெயில் போட்டதும் மண்ணும் மரமும் கலந்ததுபோன்ற கனமான மணம் எழுகிறது. ஒரு விடுமுறை நாளில் தாளிப்பை அவசரப்படுத்தாமல், பட்டை, கல்பாசி, சோம்பு, மிளகு என்று ஒவ்வொன்றையும் சிறிது இடைவெளி விட்டு எண்ணெயில் போட்டு, ஒவ்வொன்றும் முந்தையதன் மணத்தை எப்படி மாற்றுகிறது என்று கவனியுங்கள். சோம்பு விரைவில் கருகிவிடும் என்பதால் அடுப்பு சிறு தீயில் இருக்கட்டும்.

மூக்கு மிக வேகமாகப் பழகிப்போகிறது. சமைப்பவருக்குத் தன் குழம்பின் மணம் தெரியாமல், தெருவில் போகிறவருக்குத் தெரிவது அதனால்தான். குழம்பு கொதிக்கும்போது முற்றத்துக்கோ மாடிக்கோ போய் நான்கைந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வாருங்கள். வாசலிலேயே மணம் உங்களை எதிர்கொள்ளும். மணத்துக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. மற்ற புலன்களின் செய்திகள் மூளையில் தலாமஸ் என்ற நிலையத்தைக் கடந்தே போக, மூக்கின் செய்தி உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேராக அடைகிறது. பூட்டிக் கிடந்த ஐயா வீட்டின் அலமாரியைத் திறந்ததும் ஒரு காலமே எழுந்து வருவது அந்த வழியில்தான். அப்படி ஒரு மணம் வந்தால் உடனே அதற்குப் பெயர் தேடாமல், அது கொண்டுவரும் முகத்தை வரவிடுங்கள்.

கோடையின் முதல் மழையைத் தவறவிட வேண்டாம். செம்மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் துளிகளோடு காற்றில் எழுவதே மண்வாசனை. மழை பலமாகப் பிடித்துக்கொண்டால் அது அடங்கிவிடும். ஆகவே கொடியில் காயும் துணிகளை எடுக்க ஓடும் அந்த ஓரிரு நிமிடங்களே அதற்கு உரிய நேரம்.

நான்காம் படி: கண்

பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், முகப்பின் கஜலட்சுமி என்று பட்டியல் போட்டுப் பார்ப்பது சுற்றுலாவுக்கு ஏற்றது. நாம் செய்ய வேண்டியது ஒரே ஒரு பொருளைப் பார்ப்பது. முற்றத்தின் வழியாக வெயில் இறங்கும் வீட்டில், நிழலின் விளிம்பு தரையில் எங்கே விழுகிறது என்று ஒரு கல்லின் கோட்டை அடையாளமாக வைத்துக்கொண்டு உட்காருங்கள். பூமி 4 நிமிடத்துக்கு 1 பாகை சுழல்கிறது என்பதால், ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் நிழல் கோட்டைத் தாண்டியிருக்கும். முற்றம் இல்லாதவர்களுக்கு ஜன்னல் கம்பியின் நிழல் இருக்கிறது. பிறகு ஒரே ஒரு தரைக்கல்லைக் குனிந்து பாருங்கள். இரண்டு வண்ணங்கள் சந்திக்கும் கோடு எங்கேயோ சற்று நடுங்கியிருக்கும். இயந்திரம் செய்த கல்லில் அது இருக்காது. படம் எடுக்க வேண்டும் என்று தோன்றினால், பார்த்து முடித்த பிறகு ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: செவி

திண்ணையில் கண்ணை மூடி உட்கார்ந்து, மிகத் தொலைவில் கேட்கும் ஒலியை முதலில் தேடுங்கள். கண்மாய்ப் பக்கத்து மயிலாகவோ, இரவுச் சேது எக்ஸ்பிரஸாகவோ இருக்கலாம். பிறகு படிப்படியாக அருகே வந்து, உங்கள் மூச்சில் முடியுங்கள். அடுப்படியில் இருப்பவருக்கு இன்னும் பயனுள்ள பயிற்சி பணியாரச் சட்டியிலேயே இருக்கிறது. மாவில் உள்ள நீர் எண்ணெயில் ஆவியாகும்போது எழும் ஓசை முதலில் பலமாக இருந்து, ஈரம் வற்ற வற்ற மெலிகிறது. கைப்பழக்கம் உள்ளவர்கள் பார்க்காமலே, ஓசையைக் கேட்டே திருப்பிவிடுகிறார்கள்.

ஆறாம் படி: மனம்

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெட் பிரையன்ட், இன்பத்தைச் சுவைப்பது நிகழும் கணத்தோடு முடிவதில்லை, அதற்கு முன்னே எதிர்பார்ப்பும் பின்னே நினைவுகூர்தலும் உண்டு என்று விளக்கியிருக்கிறார். நகரத்தார் வீடுகளில் இது பிள்ளையார் நோன்பாக வெகுகாலமாக இருந்துவருகிறது. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள்களை எண்ணிக் காத்திருந்து, 21 நூலிழைகளைத் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, அந்தச் சுடரோடேயே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். வாயில் இருப்பது ஒரு நொடி. அந்த நொடிக்கு அத்தனை சுவை வருவது 21 நாள் காத்திருப்பினால். இதே முறையைச் சிறிய அளவில் பின்பற்றலாம்: சனிக்கிழமை மாலைக்குக் கந்தரப்பம் என்று புதன்கிழமையே சொல்லிவைத்து, நடுவில் கடையில் வாங்கிச் சாப்பிடாமல் இருங்கள். அரிசி ஊறும் நேரமும் அனுபவத்தில் சேர்ந்துவிடும்.

நினைவுகூர்வதற்கு, இரவில் படுக்கும் முன் அன்றைய ஒரு சுகத்தை ஒரே வரியில் எழுதுங்கள். 'நல்ல சாப்பாடு' என்று எழுதுவதில் பயனில்லை. 'பணியாரத்தின் ஓரம் மொறுமொறுத்தது' என்று புலன் பிடித்ததை எழுத வேண்டும். எழுதப் பிடிக்காதவர்கள் யாரிடமாவது சொல்லலாம், சொல்லும்போது மறுபடியும் அனுபவிக்கிறோம். இவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் ஒப்பீடு: 'சின்னாயா செய்ததுபோல் இல்லை' என்ற ஒரு வாக்கியம், தட்டில் இருப்பதையும் செய்தவர் முகத்தையும் சேர்த்து வாட்டிவிடும். ஒப்பிட்டே ஆக வேண்டுமானால் சாப்பிட்டு முடித்த பிறகு ஒப்பிடலாம்.

சில கவனிப்புகள்

துக்க வீட்டிலும், உடல் நோகும்போதும், கடன் கழுத்தை நெரிக்கும்போதும் இதையெல்லாம் செய்தே ஆக வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது. அத்தகைய நாள்களில் தரையின் குளிர்ச்சி ஒன்று தென்பட்டாலே போதும், தென்படாவிட்டாலும் குற்றமில்லை.

பெரிதாகக் கவனிக்க வேண்டிய ஒன்று, சமைத்தவரின் பங்கு. சூடான பலகாரத்தை ஆற அமர ருசிப்பது எப்படி என்று ஆண்கள் பட்டாலை என்ற கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, அடுப்பருகே நின்று சுட்டுக் கொடுத்த ஆச்சி கடைசியில் ஆறிப்போன இரண்டைச் சாப்பிடுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அந்த வழக்கம் இருக்கும்வரை இந்த வழிகாட்டியில் பாதிக்கு அந்த வீட்டில் பொருளில்லை. ஆகவே இரண்டாம் படியைச் செய்யும் நாளில், முதல் ஈடு எடுத்ததும் கரண்டியை வேறொருவர் வாங்கிக்கொண்டு, சமைத்தவரை உட்காரவைத்து, அவருக்கு முதல் தட்டைக் கொடுங்கள். சுடத் தெரியாதவர் சுட்டால் நான்கைந்து பணியாரம் சிவந்துபோகும், அதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம்.

வயது ஏற ஏற முகரும் திறன் குறைவது இயல்பு. 'எதுவுமே முன்போல் ருசிக்கவில்லை' என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாமல், உப்பையும் சர்க்கரையையும் அள்ளிப் போடாமல், மொறுமொறுப்பையும் சூட்டையும் கூட்டிக் கொடுங்கள். பல் இடம் கொடுத்தால் சீப்புச் சீடை, இல்லாவிட்டால் கை பொறுக்கும் சூட்டில் கும்மாயம். மணம் திடீரென்று அறவே போய்விட்டதாகச் சொன்னால் மட்டும் காலம் தாழ்த்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.